நர்சம்மாவோட சுடுதண்ணி

எங்கூர்ல செத்தவங்களுக்கு சுடுதண்ணி காய வெக்கற ஒரே ஆளு நர்சம்மாதான்.

அவங்க பேர் என்னன்னு கேக்காதீங்க. ரேசன் கார்டுல ஏதாச்சும் இருந்திருக்கும். மலையில ஒண்டிக்கடை முக்குலருந்து வெள்ளக்கடை ஊரு வரைக்கும் எல்லாத்துக்கும் அவங்க நர்சம்மாதான். மிஷன் டிஸ்பென்சரியில பிரசவம் பாக்கறவங்க. குட்டையான ஒடம்பு. வெள்ளச் சேலை, அதுக்கு மேல ஒரு ஆம்பள சொட்டரு. அந்த சொட்டருக்கு முழங்கை ரெண்டுலயும் ஓட்டை.

"ஏனுங்க நர்சம்மா, குளுருக்குத்தான சொட்டரு? அதுல சன்னல் எதுக்குங்க?"ன்னு கேப்பேன்.

"தண்ணி பாக்கறதுக்கு கண்ணு"ம்பாங்க.

பொய் இல்லீங்க. பச்சக் கொழந்தைய குளிப்பாட்டறதுக்கு முன்னாடி தண்ணியில முழங்கைய வெச்சுத்தான் சூடு பாப்பாங்க. வெரல நம்பக்கூடாதாமா. வெரலு அடுப்பு, கரண்டி, சாவி, காசுன்னு எல்லாத்தையும் தொட்டுத் தொட்டு மரத்துப் போயிருக்குமாமா. முழங்கை எதையும் தொடறதில்ல, அதனால அது பொய் சொல்லாதுன்னு அவங்க கணக்கு. நாப்பது வருசமா முழங்கைய முக்கி முக்கி அந்த எடத்துல சொட்டரு நைஞ்சு போச்சு. புதுசு வாங்குனாலும் ஆறு மாசத்துல அங்கதான் மொத ஓட்டை உழும்.

எனக்கு டிஸ்பென்சரிக்கு எதுத்தாப்புல பஞ்சர் கடை. படிப்பு ஏழாவது. ஏழாவதுலயே ரெண்டு வருசம் உக்காந்தேன், மூணாவது தடவ வாத்தியாரே கும்புட்டு அனுப்பி வெச்சுட்டாரு. கையில வேலை, வாயில வம்பு, அதான் நானு. ஊர்ல யாருக்கும் பட்டப்பேரு வெக்காம உட்டதில்ல. நர்சம்மாவுக்கு மட்டும் வெக்க முடியல. ஏன்னா, நான் ஏதாச்சும் ஆரம்பிச்சாப் போதும், அவங்க அந்தக் கதைய எடுத்துருவாங்க.

"இவன் பொறந்தப்ப அழுவவே இல்ல தெரியுமா? நீலம் பாரிச்சுக் கெடந்தான். சுடுதண்ணியில முக்கி எடுத்தேன், அப்பறந்தான் வாயத் தொறந்தான். அன்னிக்குத் தொறந்தது, இன்னும் மூடல."

ஊரே சிரிக்கும். நானும் சிரிச்சுட்டுப் போயிருவேன். என்ன பண்றது, என்னைய வெளிய இழுத்த கை அது.

டிஸ்பென்சரிக்குப் பின்னாடி தகரம் போட்ட ரூமு ஒண்ணு. யாருமில்லாம போனவங்க அங்கதான் வருவாங்க. அடிவாரத்துலருந்து வேலை தேடி மேல ஏறி வந்து காய்ச்சல்ல போனவங்க, லாரிலருந்து உழுந்தவங்க, எஸ்டேட்டுல காலமெல்லாம் காப்பி பறிச்சு, வயசான பொறவு எஸ்டேட்டுல குடுக்கற ஒரு லைன் ஊடுகூட இல்லாம போனவங்க. புதைக்கறதுக்கு ஆளு வரும். அதுக்கு முன்னாடி நர்சம்மா அவங்கள குளிப்பாட்டி, வெளுத்த துணி போட்டு, தல சீவி அனுப்புவாங்க.

அதுவும் சுடுதண்ணியில. அதுவும் முழங்கை வெச்சுப் பாத்துட்டு.

ஒரு தடவ நான் கேட்டே புட்டேன். "செத்த ஒடம்புக்கு சூடு தெரியுமாங்க நர்சம்மா?"

"அவருக்குத் தெரியாது கண்ணு. எனக்குத் தெரியுமில்ல."

ஆளுக்கு ஒரு புது சோப்பு வேற. எதுத்த டீக்கடை பாய்கிட்டத்தான் வாங்குவாங்க, மணக்கற சோப்பாப் பாத்து. ஒருத்தருக்குப் போட்ட சோப்ப இன்னொருத்தருக்குப் போட மாட்டாங்க. பாய்கிட்ட நான் சொல்லுவேன், "பாய், இந்த மலையில உங்க கடை சோப்புக்கு கொறையே சொல்லாத ஆளுங்க நர்சம்மா அனுப்பற ஆளுங்கதான்." பாய் கரண்டிய ஓங்குவாரு. சிரிச்சுட்டேதான் ஓங்குவாரு.

ஆம்பளைங்களையும் அவங்களே குளிப்பாட்டறதுல ஊருக்கு ஒரு முணுமுணுப்பு இருந்துச்சு. "பொம்பள, இப்படிப் பண்ணலாமா"ன்னு ஒரு பெரியவரு மூஞ்சிக்கு நேராவே கேட்டாரு. நர்சம்மா அவர மேலருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்துட்டு, "ஒங்க ஊட்டுல அஞ்சு பேர நாந்தான் எடுத்தேன். அதுல மூணு ஆம்பள. பொறந்தப்ப யாரும் வேட்டி கட்டிட்டு வரலீங்க"ன்னாங்க. அவரு அதுக்கப்பறம் டிஸ்பென்சரி பக்கம் தலைய திருப்பாம நடப்பாரு.

பொம்பளைங்களுக்கு வேற கவலை. செத்தவங்களுக்குத் தண்ணி காய வெச்ச குண்டாவுலயே கொழந்தைக்கும் வெப்பாங்களோன்னு. நாலு பேரு சேந்து போயி கேட்டாங்க. ரெண்டு குண்டாவையும் வெளிய எடுத்துட்டு வந்து காட்டுனாங்க. செத்தவங்களுக்கு வெக்கறதுல சிவப்பு பெயிண்டுல கோடு போட்டிருந்துச்சு.

"குண்டா வேற வேறதான் சாமி. கை ஒண்ணுதான். பரவால்லியா?"

நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு, பரவால்லீங்கன்னு வந்துட்டாங்க. வேற கைக்கு எங்க போறது?

பெரிய எடத்துக்கும் அவங்க இப்படித்தான். ஒரு எஸ்டேட் மொதலாளி செத்துப் போனாரு. அவர நாங்க தொரைன்னுதான் கூப்புடுவோம், நம்ம தமிழ் ஆளுதான். வாசல் பூரா காரு. சொந்தக்காரங்க மாலை எங்க, போட்டோ புடிக்கறவன் எங்கன்னு ஓடிட்டு இருக்காங்க. ஒடம்பு குளிப்பாட்ட பின்னாடி தொட்டியிலருந்து வாளியில தண்ணி மொண்டு வெச்சிருந்தாங்க. மார்கழி மாசம். நர்சம்மா துக்கம் கேக்கத்தான் போனாங்க. போனவங்க சொட்டரு கைய மேல தூக்கி அந்த வாளியில முழங்கைய உட்டாங்க. உட்ட ஒடனே எடுத்தாங்க.

"ஏனுங்க, ஐயாவுக்கு இந்தத் தண்ணியா ஊத்தப் போறீங்க?"

எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரு மொதலாளி மகன் காதுல போயி ஏதோ சொன்னாரு. அர மணி நேரம் எல்லாக் காரும் நின்னுச்சு, அடுப்பு பத்த வெச்சு தண்ணி காயற வரைக்கும். அந்த தொரை உசுரோட இருந்தப்ப நர்சம்மாவ வாசப்படி தாண்டி உள்ள கூப்புட்டதில்லைன்னு எனக்குத் தெரியும். அதச் சொல்லி, "உங்களுக்கு ரோசமே இல்லீங்களா"ன்னு கேட்டேன்.

"ரோசம் இருக்குது. அது அவரு மேல இருந்துச்சு. அவரு ஒடம்பு என்ன பண்ணுச்சு பாவம்?"ன்னாங்க.

அவங்க வேதக்காரங்க. ஆனா பைபிள தூக்கிட்டு யார் பின்னாடியும் போனதில்ல. நான் ஒரு நாளு, "இதுக்கெல்லாம் மேல மார்க்கு போடுவாங்களாங்க? எத்தன பேர குளிப்பாட்டுனா பாஸு?"ன்னு சீண்டுனப்பத்தான் கொஞ்சம் பேசுனாங்க.

"மார்க்கெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. கடவுளு மனுசன தன்னோட சாயல்ல செஞ்சாருன்னு நாங்க நம்பறோம். பணக்காரன் மட்டும், நல்லவன் மட்டும்னு இல்ல, எல்லாத்தையும். செஞ்ச கை ஒண்ணு இந்த ஒடம்பத் தொட்டிருக்குதுன்னு நெனச்சா, பச்சத்தண்ணிய மொண்டு மேல வீச எனக்கு மனசு வரமாட்டீங்குது. அப்பறம், பசியில இருக்கறவங்களுக்கு, துணி இல்லாதவங்களுக்கு செஞ்சதெல்லாம் எனக்கே செஞ்சதுதான்னு ஏசுசாமி சொல்லியிருக்காரு. அவரு எந்த மொகத்தோட வந்து படுத்திருப்பாருன்னு நமக்குத் தெரியாதில்ல? அதுக்குத்தான் எல்லாத்துக்கும் சூடாவே வெச்சர்றது."

"அப்ப நான் வந்து படுத்தா?"

"நீ வந்தா மொதல்ல வாயத்தான் கழுவணும்."

இன்னொரு பழக்கம் அவங்களுக்கு. செத்தவங்ககிட்ட பேசுவாங்க. அழுது பேசறதில்ல. ஆஸ்பத்திரியில நோவு கண்டவங்ககிட்ட சொல்லிச் சொல்லி செய்வாங்கள்ல, அந்த மாதிரி. "கைய தூக்கறேன் சாமி." "இப்ப மொகத்துக்கு ஊத்தறேன், கண்ண மூடிக்குங்க." கண்ணு மூடித்தான் இருக்கும், இருந்தாலும் சொல்லுவாங்க.

இது போதுமே எனக்கு. ஒரு நாளு தண்ணி கொண்டாந்து வெக்கற சாக்குல உள்ள போயி, தடுப்புக்குக் கட்டியிருந்த துணிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். நர்சம்மா, "சோப்பு போடட்டுங்களா சாமி?"ன்னு அந்த ஒடம்புகிட்ட கேட்டாங்க. நான் அடித்தொண்டையில, "ம்ம்ம், போடுங்ங்க"ன்னு மொனகுனேன். வேற யாரா இருந்தாலும் அலறிட்டு சேலத்துக்கே ஓடியிருப்பாங்க. நர்சம்மா கை நிக்கவே இல்ல. "சரிங்க சாமி. அந்தத் துணிக்குப் பின்னாடி ஒரு கழுத நிக்குது, அத வெளிய ஓட்டிட்டு வந்து போடறேன்"னாங்க. அப்பறம் ஈரத்துண்டால முதுவுல ரெண்டு உழுந்துச்சு எனக்கு.

இதையெல்லாம் சிரிச்சுட்டே சொல்லிப்புட்டேன். இனி சொல்றது சிரிச்சுட்டே சொல்ல முடியறதில்ல. அப்ப எனக்கு இருவத்தோரு வயசு.

பஸ் ஸ்டாப்பு ஷெட்டுல ஒரு கெழவரு இருந்தாரு. கவர்னரு மாதிரி இருக்காருன்னு, கவுனருன்னு நாந்தான் பேரு வெச்சேன். எந்தத் தொரையோ குடுத்த பழைய கோட்டு ஒண்ணு போட்டிருப்பாரு, பித்தளை பொத்தான் வெச்சது. ஒரு காலத்துல எஸ்டேட்டுல மரமேறி மொளகு பறிச்சவரு. உழுந்து காலு ஒடிஞ்சுது, வேலை போச்சு. சொந்தம்னு ஆளு கெடையாது. வேலை இல்லாதவருக்கு ஒரே வேலை, வர்ற போற பஸ்ஸுக்கெல்லாம் எந்திரிச்சு நின்னு சலாம் போடறது. டிரைவருங்களும் பதிலுக்கு ஒரு சலாம் போட்டுட்டுத்தான் போவாங்க.

நர்சம்மா அவருக்கு ஒரு கம்பளி குடுத்திருந்தாங்க. மண் கலரு, ஓரத்துல சிவப்பு. டிஸ்பென்சரி வராண்டாவுல வந்து படுங்கன்னு நூறு தடவ கூப்புட்டாச்சு. "காலையில மொத பஸ்ஸுக்கு நான் இங்க இருக்கணுமுங்களே"ம்பாரு.

ஒரு மார்கழி சாயந்தரம், சேலம் போற கடைசி பஸ்ஸு நின்னுட்டு இருந்துச்சு. கவுனரு கம்பளிய மடிச்சு பெஞ்சு மேல வெச்சுட்டு பாய் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தாரு. எனக்குக் கை நமநமன்னுச்சு. கம்பளிய எடுத்து பஸ்ஸு மேல கேரியர்ல எறிஞ்சுட்டேன். என்னோட பிளானு என்னன்னா, பஸ்ஸு கெளம்பும், கவுனரு சலாம் போட வருவாரு, மேல கம்பளிய பாப்பாரு, கத்துவாரு, கண்டக்டரு விசிலடிப்பாரு, எல்லாம் சிரிக்கும், அவ்வளவுதான்.

ஆனா அன்னிக்குப் பனி நொம்ப. கை நீட்டுனா கை தெரியல. கவுனரு வந்து நின்னு சலாம் போட்டாரு. கேரியரு அவருக்குத் தெரியல. பஸ்ஸு போயிருச்சு. நான் கத்திட்டே வளைவு வரைக்கும் ஓடுனேன். குளுருக்கு எல்லா சன்னலும் சாத்திக் கெடந்துச்சு, யாருக்குக் கேக்கும்?

திரும்பி வந்தா, கவுனரு பெஞ்சத் தடவிட்டு இருந்தாரு. குனிஞ்சு அடியில பாத்தாரு. "கம்பளியப் பாத்தியா சாமி?"ன்னு கேட்டாரு.

"இல்லீங்களே"ன்னேன்.

அந்த ஒரு வார்த்தைதாங்க. பாத்தேன், நாந்தான் போட்டேன்னு சொல்லியிருந்தா எங்கூட்டு கம்பளியவாவது கொண்டாந்து குடுத்திருப்பேன். காலையில மொத பஸ்ஸுல வந்துரும், ஒரு ராத்திரிதானன்னு நெனச்சுட்டு ஊட்டுக்குப் போயி ரெண்டு கம்பளிய இழுத்துப் போத்திட்டுப் படுத்துட்டேன்.

காலையில கடை தொறக்கப் போனா, ஷெட்டுக்கிட்ட கூட்டம். கவுனரு பெஞ்சு மேல சுருண்டு கெடந்தாரு, கோட்டு கைய தொடைக்கு நடுவுல உட்டுக்கிட்டு. கட்டை மாதிரி வெறச்சுக் கெடந்தாரு. ஒதடு கருநீலம்.

பாய் கடையிலருந்து மொகம் பாக்கற கண்ணாடிய கொண்டாந்து மூக்குகிட்ட வெச்சாரு. கண்ணாடி மங்குச்சு. "மூச்சு இருக்குது பாய்!"னு ஒருத்தரு சொன்னாரு. பாய் கண்ணாடியத் தொடைச்சு, பக்கத்துல இருந்த கரண்டுக் கம்பத்துக்கு நேரா புடிச்சாரு. அப்பவும் மங்குச்சு.

"கம்பமும் மூச்சு உடுதா? எங்கூரு பனியில கண்ணாடிய நம்பச் சொல்றியே"ன்னு சொல்லிட்டு, துண்டால கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு.

சரி, அவ்வளவுதான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஸ்டேசனுக்கு ஒரு ஆளப் போகச் சொல்லிட்டு, பாய் கடை பெஞ்சுலயே தூக்கிட்டு நர்சம்மாகிட்ட போனோம். தல பக்கம் நான். அவரு கை கீழ தொங்கி, ஒவ்வொரு எட்டுக்கும் என் முட்டியில வந்து வந்து இடிச்சுது. எனக்கு உள்ள ஒரே சத்தந்தான். நான் கொன்னுட்டேன். நான் கொன்னுட்டேன்.

நர்சம்மா அவரு மணிக்கட்டப் புடிச்சுட்டு நொம்ப நேரம் நின்னாங்க. அப்பறம் தலைய ஆட்டுனாங்க. "கம்பளி எங்க?"ன்னாங்க.

"எவனோ களவாணிப் பய அடிச்சுட்டுப் போயிருப்பானுங்க"ன்னாரு பாய்.

"ஐயோ, எடுத்தவங்களுக்கு என்ன குளுரோ"ன்னாங்க நர்சம்மா.

என்னைய அறைஞ்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டு, என்னைய மட்டும் நிக்கச் சொன்னாங்க, தண்ணிக்கும் வெறவுக்கும். வெறவு பூரா ஈரம். ஊதி ஊதி கண்ணுல தண்ணியா கொட்டுச்சு. பொகையினாலன்னு வெச்சுக்கிட்டேன்.

"என்ன கண்ணு, இன்னிக்கு வாயே தொறக்கல?"

நான் இன்னும் குனிஞ்சு ஊதுனேன். சிவப்புக் கோடு போட்ட குண்டாவுல தண்ணி காஞ்சுது. நர்சம்மா முழங்கைய வெச்சாங்க, எடுத்தாங்க, மறுபடி வெச்சாங்க. "எனக்கு இன்னிக்கு மரத்துக் கெடக்குது. நீ பாரு." நான் என் முழங்கைய வெச்சேன். சுரீர்னுச்சு. ஒரு செம்பு பச்சத்தண்ணி கலந்தேன். மறுபடி வெச்சேன். இதமா இருந்துச்சு. இந்த இதத்த அவருக்கு நேத்து குடுத்திருக்கலாமேன்னு நெனச்சேன்.

எப்பவும் போல கதவச் சாத்துனாங்க, சன்னலுக்கு துணி கட்டுனாங்க. ரூமு பூரா ஆவி. "கோட்டு கழட்டறேனுங்க சாமி. பொத்தானெல்லாம் பத்தரமா எடுத்து வெக்கறேன்." நான் தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டு செம்பு செம்பா மொண்டு குடுத்துட்டு இருந்தேன். "கால்ல ஊத்தறேனுங்க." சலசலன்னு சத்தம். "நெஞ்சுக்கு ஊத்தறேன் சாமி, சூடு சரியா இருக்குதுங்களா?"

"ம்ம்ம்"னு ஒரு மொனகல்.

தண்ணி ஊத்தற சத்தம் நின்னுச்சு. கோவமில்லாம, நொம்ப அலுத்துப் போன கொரல்ல நர்சம்மா சொன்னாங்க. "இன்னிக்கு வேண்டாம் கண்ணு."

"நான் இல்லீங்க நர்சம்மா."

"சொன்னா கேளு."

"ஆத்தா சத்தியமா நான் இல்லீங்க!"

செம்பு என் கையிலருந்து உழுந்து உருண்டுச்சு. அது உருண்டு நிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் அசையல. அப்பறம் துணிய வெலக்கிப் பாத்தேன், நர்சம்மா அவரு நெஞ்சு மேல காத வெச்சுப் படுத்தாங்க. நான் என் மூச்ச அடக்கிட்டேன். எந்திரிச்சவங்க மொகத்த நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. அவங்க பிரசவம் பாக்கறப்ப ஆம்பளைங்கள உள்ள உட மாட்டாங்களே. அப்ப இருக்கற மொகம் அதுவாத்தான் இருக்கணும்.

"துண்டு! காஞ்ச துண்டு எல்லாத்தையும் எடு! தேய்க்காத, ஒத்தி எடு, மெதுவா, மெதுவா. குளுக்கோஸ் பாட்டிலு காலி கெடக்கும் பாரு, எல்லாத்துலயும் சுடுதண்ணி ஊத்தி துணி சுத்திக் கொண்டா. ஓடு சாமி, ஓடு!"

சொட்டரக் கழட்டி அவரு தலையில சுத்துனாங்க. பாட்டில கக்கத்துல ரெண்டு பக்கமும் அணைச்சு வெச்சாங்க. "கம்பளி வேணும் கண்ணு"ன்னாங்க. நான் பறந்தேன். ஒண்டிக்கடை நடுவுல நின்னு, "கவுனரு உசுரோட இருக்காரு! கம்பளி குடுங்க!"ன்னு கத்துனேன்.

ஒருத்தராச்சும் நம்பணுமே! "சாவுலயுமா வெளாட்டு, த்தூ"ன்னு ஒருத்தரு துப்புனாரு. பாய் கரண்டிய ஓங்குனாரு, இந்த வாட்டி நெசமாவே ஓங்குனாரு. நான் அவரு கால்ல உழுந்துட்டேன். "பாய், அடிங்க, கொல்லுங்க, ஆனா வந்து பாத்துட்டு அடிங்க." நான் அழுது அவரு பாத்ததில்ல. கரண்டிய போட்டுட்டு, கல்லாவுல உக்காரப் போட்டிருந்த கம்பளிய உருவிட்டு எனக்கு முன்னாடி ஓடுனாரு.

அர மணி நேரம் கழிச்சு கவுனரு கண்ணத் தொறந்தாரு. ஆவியப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு. ஒதடு ஆடுச்சு. நர்சம்மா காத வெச்சுக் கேட்டாங்க.

"பஸ்ஸு போயிருச்சான்னு கேக்கறாரு"ன்னாங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்களுக்கு சிரிப்பு வந்துருச்சு. பாயும் சிரிச்சாரு. சிரிக்கறாங்களா அழுவறாங்களான்னு தெரியாத மாதிரி மூணு பேரும் நின்னோம்.

"நேத்து பஸ்ஸுதான் போயிருக்குது சாமி. அடுத்ததுக்கு நீங்கதான் சலாம் போடோணும்."

சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு எஸ்டேட் ஜீப்புக்கு சொல்லி உட்டிருந்தோம். அதுக்குள்ள மொத பஸ்ஸு வந்துச்சு. கண்டக்டரு கேரியர்லருந்து கம்பளிய எடுத்து என் மேல எறிஞ்சாரு. "டேய் பஞ்சரு, இது கவுனரோடதில்ல? மேல எப்படிடா வந்துச்சு?"

அத எடுத்துட்டு டிஸ்பென்சரி பின்பக்கம் போனேன். நர்சம்மா சொட்டரு இல்லாம, சிவப்புக் கோடு குண்டாவ கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருந்தாங்க. தன்னோட வெரலையே பாத்துட்டு இருந்தாங்க.

"நாடி பாத்தேன் கண்ணு. எனக்குத் தெரியல. இத்தன வருசம் பாத்த கை. இதுக்கு முன்னாடி வந்தவங்க ஒவ்வொருத்தரையும் இப்ப மனசுல கூப்புட்டுப் பாத்துட்டு இருக்கறேன்."

அன்னிக்கு மொத தடவையா அவங்களுக்கு நான் ஏதாச்சும் சொல்லணும்போல இருந்துச்சு. "அவங்களுக்கும் நீங்க சுடுதண்ணிதானுங்க ஊத்துனீங்க. உசுரு இருந்திருந்தா மொனகியிருப்பாங்க"ன்னேன். என்னைய நிமுந்து பாத்தாங்க. மெதுவா தலைய ஆட்டுனாங்க. அப்பறந்தான் என் கையில இருந்த கம்பளி அவங்க கண்ணுல பட்டுச்சு.

"நாந்தானுங்க நர்சம்மா. பஸ்ஸு மேல போட்டேன். வெளாட்டுக்கு. அவரு கேட்டப்ப பாக்கலைன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்படிங்க?"

"வெறவு கொண்டாந்து வாயத் தொறக்காம ஊதிட்டு இருந்தியே, அப்பவே."

"அப்ப ஏனுங்க ஒண்ணும் கேக்கல?"

"ஒரு நேரத்துல ஒருத்தரத்தான் கண்ணு குளிப்பாட்ட முடியும்"னாங்க. பக்கத்துல கொஞ்சம் எடம் உட்டு உக்காரச் சொன்னாங்க. குண்டா சின்னது, பாதிதான் உக்கார முடிஞ்சுது. என் தலையில கைய வெச்சாங்க. "சரி. இப்ப ஒன் மொறை. கம்பளிய நீயே போயி குடு. குடுத்துட்டு, சொன்னதையும் சொல்லு."

ஜீப்புல அவரு பக்கத்துல உக்காந்து, கம்பளியப் போத்தி உட்டு, சொன்னேன். கவுனரு கம்பளி ஓரத்தத் தடவிட்டு வந்தாரு. ஜீப்பு ரெண்டு வளைவு எறங்குச்சு. "கம்பளி சேலம் வரைக்கும் போயி சுத்திப் பாத்துட்டு வந்துச்சா?"ன்னாரு.

"ஆமாங்க."

"டிக்கெட்டு எடுக்காமயா?"

"ஆமாங்க."

"நான் சேலம் பாத்து இருவது வருசம் ஆவுது"ன்னு சொல்லிட்டு, எட்டி எட்டி ரோட்டப் பாத்துட்டே வந்தாரு. திட்டவே இல்ல. அதுக்கப்பறம் அவரு இருந்த வருசங்கள்ல நான் ஷெட்டுப் பக்கம் போனாப் போதும், எல்லாரும் பாக்கற மாதிரி கம்பளிய மடிச்சு அது மேல ஏறி உக்காந்துக்குவாரு. கடைசியா அவரு நெசமாவே போனப்ப சுடுதண்ணிக்கு முழங்கை வெச்சது நாந்தான். நர்சம்மா அன்னிக்கு முழுசா ஒரு மணி நேரம் காத வெச்சுக் கேட்டுட்டுத்தான் மொத செம்பு ஊத்துனாங்க.

அப்பறம் அவங்களுக்கு கண்ணு மங்கிப் போச்சு. டிஸ்பென்சரிக்கு புது நர்சு வந்துச்சு. நர்சம்மா தங்கச்சி ஊட்டோட இருக்கறதுக்குக் கீழ கெளம்புனாங்க. இப்ப பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. ஆத்தூருப் பக்கம் நல்லாத்தான் இருக்காங்களாமா, போறவங்க வர்றவங்க சொல்றாங்க. அந்தத் தெருவுல கொழந்தைங்களுக்கெல்லாம் அவங்கதான் தண்ணி பாக்கறாங்களாமா.

கெளம்புன அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல மலையே நின்னுச்சு. பாய் ஒரு டஜன் சோப்பு கட்டிக் குடுத்தாரு. "இது உங்களுக்குப் போட்டுக்கங்க நர்சம்மா, யாருக்கும் குடுத்துறாதீங்க"ன்னு மூணு தடவ சொன்னாரு. அவங்க பெட்டியையும் துணி மூட்டையையும் நாந்தான் தூக்கிட்டு ஏணியில ஏறி பஸ்ஸு மேல வெச்சேன். கட்டிட்டு இருக்கறப்ப, சன்னல்லருந்து தலைய வெளிய நீட்டி, பஸ்ஸு பூரா கேக்கற மாதிரி கத்துனாங்க.

"கண்ணு! மூட்டையில என் கம்பளி இருக்குது. பாத்துக்க!"

பஸ்ஸுல இருந்தவங்களுக்கு ஒண்ணும் புரியல. நான் முன்னயே சொல்லியிருந்ததுனால பாய்க்குப் புரிஞ்சுது, கடை வாசல்ல நின்னு வயித்தப் புடிச்சுட்டு சிரிச்சாரு. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வேற ஒண்ணும் வந்துச்சு. கண்டக்டரு விசிலடிச்சுட்டாரு. நான் எறங்கல. ஒரு கையில ஏணி, இன்னொரு கையில அந்த மூட்டை, அப்படியே தொங்கிட்டு வளைவு வரைக்கும் போனேன்.